மூன்று மணிக்கு விழும் பள்ளம்

கனடாத் தமிழ் நீரிழிவாளர் இணையவழி நலன்புரி ஒன்றியத்துக்கு ஒரு கட்டடம் கிடையாது, ஒரு கதிரை கிடையாது, ஒரு தேநீர்க் கோப்பைகூடக் கிடையாது. ஆனால் தலைவர் உண்டு, உபதலைவர்கள் உண்டு, காப்பாளர் உண்டு, ஆளுக்கொரு பதவி போதாமற்போன காலத்தில் உண்டாக்கிய சிறப்பு இணைப்பாளர்களும் உண்டு. ஞாயிறு தோறும் காலையில் ஒன்றியம் கைபேசித் திரையில் கூடும். கூடியதும் மங்கள விளக்கு ஏற்றப்படும். அது தலைவர் கோணேஸ்வரனின் மேசையில் நிற்கும் பற்றரி விளக்கு. அஜின்கோர்ட்டில் அவர் குடியிருக்கும் அப்பார்ட்மென்றில் உண்மைத் திரியைக் கொளுத்தினால் புகை மணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிடும். அடுத்தது மௌனமாகச் செலுத்தும் அக வணக்கம். செயலாளர் மகேஸ்வரன் எல்லாருடைய ஒலியையும் நிறுத்திவிடுவதால் அக வணக்கம் அப்பழுக்கில்லாமல் நடக்கும். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை. நேரம் மிஞ்சினால் நீரிழிவைப் பற்றியும் கதைப்பார்கள்.

தலைமையுரையின் உச்சக்கட்டம் தலைவருடைய வரைபடம். கோணேஸ்வரனின் இடது மேற்கையின் பின்பக்கத்தில் சட்டைப் பொத்தானிலும் சற்றுப் பெரிய வெள்ளைச் சென்சர் ஒன்று ஒட்டியிருந்தது. அது இரவு பகலாகத் தோலுக்குள்ளிருந்து சீனியின் அளவை எடுத்துக் கைபேசிக்கு அனுப்பும்; கைபேசி அதைக் கோடாகக் கீறிக் காட்டும். கோடு பச்சைப் பட்டைக்குள் ஓடினால் நல்லது. பத்துக்கு மேலே ஏறினால் மஞ்சள். நாலுக்குக் கீழே விழுந்தால் சிவப்பு, அதோடு மணியும் அடிக்கும். தலைவர் தன் வாரக் கோட்டைத் திரையில் விரித்துவிட்டுத் தொண்டையைச் செருமுவார்.

"பாருங்கோ. இது வரைபடமில்லை. இது ஒழுக்கம்."

உடனே மகேஸ்வரன், "எங்கடை தலைவர் ஒரு நேர்கோடு!" என்பார். திரை முழுக்க மஞ்சள் கைகள் தட்டும். கூட்டம் கலையும். பெட்டிகள் ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் கோணேஸ்வரனின் முகம் மட்டும் கோணேஸ்வரனைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் பற்றரி விளக்கை நூர்த்துவிட்டு, முதல்நாள் வாங்கிய இடியப்பத்தை மைக்ரோவேவில் வைப்பார்.

வீட்டில் வேறு ஆளில்லை. மனைவி மனோரஞ்சிதம் பிறம்ரன் நகரில் மகள் நிருஜா வீட்டில் இருந்தாள். நிருஜாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியுமட்டும் என்று போனவள். முப்பத்தொண்டு கழிந்தது, பல் முளைத்தது, பிள்ளைகள் நடக்கவும் தொடங்கிவிட்டார்கள். பகல் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைத்ததும் வந்துவிடுவேன் என்றாள். இடம் கிடைப்பதாயில்லை. அவள் புறப்பட்ட அன்று கோணேஸ்வரன் வாசலில் நின்று, முன்பு வேலைபார்த்த அரசாங்கக் கச்சேரியில் இடமாற்றக் கடிதம் கொடுக்கும் தோரணையில், "நீர் போய்ட்டு வாரும். எனக்கு ஒரு குறையுமில்லை. நான் என்ன பச்சைப்பிள்ளையே?" என்று சொல்லியிருந்தார். சொன்ன சொல்லை மீற முடியுமா?

தானும் பிறம்ரனுக்குப் போய் இருந்திருக்கலாம்தான். ஆனால் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய்ப் பாய் விரிப்பது அவருடைய பரம்பரையில் இல்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் போனார், கைநனைத்தார், பொழுதுபட முன்னர் புறப்பட்டுவிட்டார்.

சரி, ஒரு போன் எடுக்கலாமே என்றால் அதற்கும் ஒரு சிக்கல் இருந்தது. கோணேஸ்வரன் போன் எடுப்பவர் அல்லர், போன் வருபவர். திருகோணமலைக் கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்த காலத்தில் பியோன் இலக்கத்தைச் சுழற்றி, மறுமுனை கிடைத்த பிறகே றிசீவரைத் துடைத்து அவரிடம் நீட்டுவான். கனடாவில் இருபது வருடம் கார் பம்பர் செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தபோதும் (அதை அவர் 'வாகன உற்பத்தித் துறை' என்பார்) அந்தப் பழக்கத்தை விடவில்லை. கலியாணம், செத்தவீடு எதுவானாலும் மற்றவன்தான் முதலில் எடுக்கவேண்டும். எடுப்பவன் ஒரு படி இறங்கியவன். மனோரஞ்சிதத்துக்கு இது தெரியும். முந்தியெல்லாம் அவளே எடுப்பாள். இரட்டைப் பிள்ளைகள் தவழத் தொடங்கிய பின்னர், பாவம், அவளுக்கு எங்கே நேரம்? நாளுக்கொரு தரம் வந்த போன் கிழமைக்கொரு தரமாயிற்று.

அந்த நேரத்தில்தான் நிருஜா அந்தச் சென்சரை அவருடைய கையில் பூட்டிவிட்டாள். கைபேசியில் அதற்குரிய செயலியை இறக்கி, தாயின் போனையும் அதோடு இணைத்தாள்.

"அம்மா இனி உங்கடை ஃபொலோவர், அப்பா. உங்களுக்குச் சீனி குறைஞ்சு லோ வந்தா அம்மாக்கும் அடிக்கும்."

தனக்கு ஒரு பின்தொடர்பவர் இருப்பது கோணேஸ்வரனுக்குப் பிடித்திருந்தது. கட்டின நாள் தொடக்கம் அவள் பின்தொடர்பவள்தான். இப்போது பதிவிலும் வந்துவிட்டது.

ஒரு நாள் பிற்பகல் மூன்று மணியளவில் அவர் சோபாவில் இடப்பக்கம் சாய்ந்து, கையை உடம்பின் கீழ் கொடுத்துத் தூங்கிப்போனார். மணியடித்து எழும்பினால் திரையெல்லாம் சிவப்பு. மூன்று தசம் இரண்டு. மறு நிமிடம் போன் வந்தது.

"இஞ்சாருங்கோ! கேக்குதே? என்ன செய்யுது உங்களுக்கு? வேர்க்குதே? கை நடுங்குதே?"

"ஒண்டும் செய்யேல்லை. நீர் ஏன் பதறுறீர்?"

"பதறாமல்? எழும்புங்கோ. பிறிச்சிலை ஜூஸ் இருக்கே? வீடியோவைப் போடுங்கோ. நான் பாக்கக் குடியுங்கோ. முழுக்க. அடிமட்டும்."

அவர் குடித்தார். அப்பிள் ஜூஸ். நெடுநாளைக்குப் பிறகு அவருடைய நாக்கில் பட்ட இனிப்பு. அவள் முகத்தைத் திரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கோடு ஏறும்வரை இருக்கிறேன் என்று இருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் எவ்வளவு கதை! பெடியனுக்கு வயிற்றுக்குத்து, பெட்டை பூட்டுத் திறப்பை விழுங்கப் பார்த்தது, மருமகன் கறிக்கு உறைப்புக் காணாது என்று சொன்னது. அவளுடைய முன்மயிரில் ஒரு கற்றை நரைத்திருப்பதை அவர் அப்போதுதான் கண்டார்.

மறுநாள் அவருக்கு ஒன்றுமே செய்யவில்லை. கோடு பச்சைக்குள் நல்ல பிள்ளையாக ஓடியது. மூன்று மணி வந்தது, போனது. போன் மேசையில் செத்த மீன் மாதிரிக் கிடந்தது.

அதற்கடுத்த நாள், சோபாவின் கைப்பிடியில் இடது கையை அழுத்திச் சாய்ந்தபடி செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது கோடு சரியத் தொடங்கியது. கோணேஸ்வரன் கையை எடுத்தார், கோடு நிமிர்ந்தது. திரும்ப அழுத்தினார், சரிந்தது. முப்பது வருட உத்தியோக அனுபவமுள்ள மூளைக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சென்சரை அமுக்கினால் சீனி குறைந்ததாகப் பொய் காட்டுகிறது. பொய் காட்டினால் பிறம்ரனில் மணி அடிக்கிறது. மணி அடித்தால் மனோரஞ்சிதம் வருகிறாள். கச்சேரியில் பியோனைக் கூப்பிட மேசையில் ஒரு மணி இருந்தது. அதை அழுத்துவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. தான் போன் எடுக்கவில்லை. அவள்தான் எடுக்கிறாள். கொள்கைக்கும் பழுதில்லை.

அன்றிலிருந்து மூன்று மணி ஆனதும் தலைவர் முகம் கழுவி, தலைமயிரை வாரி, சட்டையின் மேற்பொத்தானைப் பூட்டி, சோபாவில் வந்து இடப்பக்கம் சாய்ந்துகொள்வார். மூன்று மணிக்குப் பிள்ளைகள் தூங்குவார்கள் என்று அவளுடைய பேச்சிலிருந்து பொறுக்கி வைத்திருந்தார். சனி ஞாயிறில் சாய மாட்டார். அன்றைக்கு நிருஜா வீட்டில் நிற்பாள், மனோரஞ்சிதத்துக்குச் சமையல் வேலையும் அதிகம். ஒவ்வொரு முறையும் அவள் பதறிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு முறையும் அவர் வீடியோவுக்கு முன்னால் ஒரு கிளாஸ் ஜூஸ் குடித்தார். ஒரு கிளாஸ் ஜூஸுக்கு ஒரு கதை.

உடம்பு கணக்குப் பார்க்காமல் விடுமா? உண்மையில் குறையாத சீனிக்கு மேல் ஜூஸை ஊற்றினால் அது எங்கே போகும்? பள்ளத்துக்குப் பக்கத்தில் மலை எழும்பியது. கோடு பதினைந்தைத் தொட்டுவிட்டு மெல்ல மெல்ல இறங்கியது. தலைவருக்கு வாய் உலர்ந்தது, கண் மங்கியது, இரவில் அடிக்கடி எழும்பவேண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் பழைய வாரமொன்றின் வரைபடத்தை விரித்தார்.

"தலைவர், இது போன மாசம் காட்டினது மாதிரிக் கிடக்கு," என்றார் மகேஸ்வரன்.

"ஒழுக்கம் மாறாட்டிக் கோடும் மாறாது, மகேஸ்."

மஞ்சள் கைகள் தட்டின.

ஆனால் சென்சருக்கு ஒன்றியத்தின் யாப்பும் சட்டதிட்டமும் தெரியாது. அது எல்லாவற்றையும் நீரிழிவு நிலையத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கேயிருந்து நிரோஷினி என்ற தாதி வீடியோவில் சந்திக்க நாள் குறித்தாள். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. கோணேஸ்வரன் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, இடுப்புக்குக் கீழே சாரத்தோடு, கைபேசிக்கு முன் அமர்ந்தார்.

"ஹாய் அங்கிள். உங்கடை ரிப்போர்ட்டைப் பாத்து நாங்கள் கொஞ்சம் வொரீட். நிறைய லோ வருது. லோ வர்ற நேரம் வீட்டிலை ஆராவது நிக்கிறவையோ? தனிய இருக்கிறியளோ?"

தனிய. அந்தச் சொல்லுக்கு ஓம் என்று சொல்வதா? அதுவும் ஒரு தலைவர், அதுவும் பேத்தி வயதுப் பிள்ளையிடம்?

"தனியவோ? சீ, சீ. என்ரை மிசிஸ் இஞ்சதான். இப்பவும் குசினியிலை நிக்கிறா. மத்தியானத்துக்குப் பாவற்காய்க் கறி—"

திரையில் மூன்றாவது பெட்டியொன்று திறந்தது. அதற்குள் மனோரஞ்சிதம். இடுப்பில் ஒரு குழந்தை, தோளில் ஒரு துவாய், பின்னால் நிருஜா வீட்டுப் பெரிய வெள்ளிநிறப் பிறிச்.

"ஓ, அன்ரியையும் நான்தான் இன்வைற் பண்ணினனான்," என்றாள் நிரோஷினி. "ஃபொலோவர் எண்டபடியால். ஹாய் அன்ரி! அங்கிள் இப்பதான் சொன்னவர், நீங்கள் குசினியிலை நிக்கிறியள் எண்டு."

கோணேஸ்வரன் கழுத்துப்பட்டியின் முடிச்சைத் தளர்த்தினார். மனோரஞ்சிதம் அவருடைய பெட்டியைப் பார்த்தாள். அவர் போட்டிருந்த கோட்டையும் கழுத்துப்பட்டியையும் பார்த்தாள்.

"ஓம் பிள்ளை. குசினியிலைதான் நிக்கிறன்."

எந்தக் குசினி என்று தாதி கேட்கவில்லை. கேட்டு நிரப்ப அவளுடைய படிவத்தில் அப்படியொரு கட்டம் இருக்கவுமில்லை. அவள் வரைபடத்தைத் திரையில் விரித்தாள். ஒன்றியத்துக்கு ஒருபோதும் காட்டப்படாத வரைபடம். பள்ளம், மலை, பள்ளம், மலை.

"இது கொஞ்சம் வியர்ட், அங்கிள். லோ எல்லாம் ஒரே நேரம். வீக்டேஸ் மட்டும். மூண்டு மணி. வீக்கெண்டிலை ஒண்டுமில்லை. மூண்டு மணிக்கு என்ன ஸ்பெஷல்?"

"மூண்டு மணிக்குத்தானே பிள்ளையள் படுக்க, நான்—" என்று தொடங்கிய மனோரஞ்சிதம் அத்தோடு நிறுத்திக்கொண்டாள். இடுப்பிலிருந்த குழந்தை அவளுடைய வாய்க்குள் விரலை விட்டது. அவள் அதை எடுத்துவிடவில்லை.

"அங்கிள், அந்த நேரம் அந்தக் கைப் பக்கம் சாயிறனீங்களோ? சென்சரை அமத்தினா அது பொய் லோ காட்டும். நிறையப் பேருக்கு நடக்கிறது. விரலிலை குத்திப் பாத்தனீங்களோ?"

"கொஞ்சம்... ஓய்வெடுக்கிறது வழமை," என்றார் கோணேஸ்வரன்.

"அதுதான். பொய் லோவுக்கு நீங்கள் உண்மை ஜூஸ் குடிச்சிருக்கிறியள், அங்கிள். இனி லோ எண்டு காட்டினா, உடம்புக்கு ஒண்டும் செய்யாட்டி, முதல் விரலிலை குத்திப் பாருங்கோ. அடுத்த சென்சரை வலது கைக்கு மாத்துங்கோ. அன்ரிக்கு அலாமைக் கொஞ்சம் பிந்தி வர்ற மாதிரி செற் பண்ணுவம். முதல் அங்கிளுக்கு அடிக்கட்டும். அவர் பாத்துச் சீனியை ஏத்தாட்டி மட்டும் உங்களுக்கு அடிக்கும். பாவம், நீங்கள் சும்மா சும்மா பயப்பிடத் தேவையில்லை. ஓகேயா?"

ஓகே என்றார்கள் இருவரும். மூன்று பெட்டிகளும் அணைந்தன.

அடுத்த வாரம் கோடு பச்சைக்குள் திரும்பியது. அதற்கடுத்த வாரம் நூலைப் பிடித்துக் கீறியது போல் ஓடியது. தலைவர் புது வரைபடத்தை ஒன்றியத்துக்குத் தைரியமாக விரித்தார். மகேஸ்வரன் அடுத்த ஆண்டுக்கும் அவரையே தலைவராக முன்மொழிந்தார். ஒலி நிறுத்தப்பட்டிருந்தபடியால் எதிர்ப்பு ஏதும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு மட்டும் போன் வரவில்லை. வலது கையையும் அமுக்கலாம்தான். ஆனால் அவளுக்கு இப்போது தெரியும். தெரிந்தவளுக்கு எப்படி மணியடிப்பது? ஜூஸ் போத்தல் பிறிச்சில் பாதியோடு நின்றது. லிப்டில் யாரோ ஒருவர் "ஹவ் ஆர் யூ" என்று கேட்டதற்கு அவர் நின்று விளக்கமாகப் பதில் சொல்லத் தொடங்க, கேட்டவர் பயந்து இடையிலேயே இறங்கிப்போனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, முகம் கழுவி, மேற்பொத்தான் பூட்டி, கோணேஸ்வரன் கைபேசியை எடுத்தார். அவளுடைய பெயரைத் தேடிப் பிடிக்கவே கொஞ்ச நேரம் சென்றது. அழுத்தினார். மறுமுனையில் மணி போனது. எடுப்பவனுக்கு இந்த மணி இவ்வளவு நீளமாகக் கேட்கும் என்று அவருக்கு இவ்வளவு காலமும் யாரும் சொல்லவில்லை.

"என்ன? என்ன நடந்தது?" மனோரஞ்சிதத்தின் குரல் தாழ்ந்திருந்தது. பிள்ளைகள் தூக்கம்போலும். "சுகர் எத்தினை?"

"ஆறு தசம் எட்டு."

"பிறகென்ன?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாமல் நீங்களோ போன் எடுக்கிறது?"

கோணேஸ்வரன் சுவரைப் பார்த்தார். ஒன்றியம் அவருக்கு அனுப்பிய பாராட்டுச் சான்றிதழ், அவரே அச்சடித்து அவரே சட்டம் போட்டது, அங்கே தொங்கியது.

"மனோ, எனக்கு இஞ்ச தனிய இருக்கேலாமக் கிடக்கு."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் மூடப்படும் சத்தம் கேட்டது.

"அதைச் சொல்லுறதுக்கு இவ்வளவு ஜூஸ் குடிச்சியளே," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "நான் இப்ப வரேலாதப்பா. இதுகளை ஆரிட்டை விட்டிட்டு வர? நீங்கள் வாங்கோவன். பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு."

"மருமோன் வீட்டிலை..."

"மருமோன் எயார்ப்போர்ட் வேலைக்குப் போனா இருட்டினாப்பிறகுதான் வாறான். நீங்கள் நிக்கிறது அவனுக்குத் தெரிய ஒரு கிழமை செல்லும்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்?"

"உங்கடை ஒன்றியம் போனுக்குள்ளைதானே கிடக்கு! கொண்டு வாங்கோ அதையும்."

அந்த வெள்ளிக்கிழமை விடியக்காலையிலேயே கோணேஸ்வரன் பிறம்ரன் போனார், பற்றரி விளக்கையும் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு. பேஸ்மென்றில் ஒரு கட்டில், ஒரு பழைய சோபா, பிள்ளைகள் கைவிட்ட ஒரு பிளாஸ்ரிக் குதிரை. யன்னல் கைக்குட்டை அளவு. அதற்கூடாகப் புல்லின் வேர்ப்பக்கம் தெரியும். ஓர் ஆளோடாவது கதைக்கலாம் என்று வந்தவருக்கு வாய்த்ததெல்லாம் தலைக்கு மேலே நடமாட்டம். தொம் தொம் என்று சின்னக் கால்கள். பின்னால் இழுபட்டுக்கொண்டு மனோரஞ்சிதத்தின் செருப்பு. காலையிலிருந்து அந்தச் செருப்பு ஓரிடத்தில் நிற்கவில்லை. அவர் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். போனில் கேட்ட கதைகளுக்குப் பின்னால் இவ்வளவு நடை இருந்தது.

இரண்டாம் நாள் சனிக்கிழமை. நிருஜாவும் மருமகனும் பிள்ளைகளின் தடுப்பூசிக்கும் கடைகண்ணிக்குமென்று இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டார்கள்; மனோரஞ்சிதம் வீட்டில் நின்றுவிட்டாள். மத்தியானம் அவர் வழமையான அளவு இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிட இருந்தார். மருமகன் வீட்டில் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது எப்படி? ஓர் அகப்பைச் சோற்றோடு கையை எடுத்துவிட்டார்.

மூன்று மணிக்கு அந்தச் செருப்புச் சத்தம் படியிறங்கி வந்தது. மனோரஞ்சிதம் சோபாவில் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். போனை மடியில் வைத்தாள்.

"சொல்லுங்கோ," என்றாள்.

சொல்ல அவரிடம் எவ்வளவோ இருந்தது. லிப்டில் பயந்து இறங்கிய மனிதன், மகேஸ்வரனின் சூழ்ச்சிகள், இடியப்பக் கடையில் சம்பலின் அளவைக் குறைத்தது. எங்கிருந்து தொடங்கலாம் என்று அடுக்கிக்கொண்டு அவர் திரும்பியபோது அவள் தூங்கிப்போயிருந்தாள். தலை பின்னால் சாய்ந்து, வாய் சற்றே திறந்து, ஒரு காலில் செருப்போடு.

கோணேஸ்வரன் அடுக்கியதைத் திரும்ப உள்ளே வைத்தார். அப்படியே இருந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை வேர்த்தது. விரல் நடுங்கியது. சட்டைப்பைக்குள் கைபேசி மணியடிக்கத் தொடங்கியது. முதல் ஓசையிலேயே அவர் அதை அமுக்கிப் பிடித்து நிறுத்தினார். திரை சிவப்பு. மூன்று தசம் ஐந்து. புதுச் சென்சர் ஒட்டிய வலது கை எதிலும் சாய்ந்திருக்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தார்; இது உண்மை.

அவள் மடியில் கிடந்த போன் இன்னும் இருட்டாகவே இருந்தது. அது அடித்து அவளை எழுப்ப முன்னர் செய்யவேண்டியதைச் செய்தாக வேண்டும். அவர் சுவரைப் பிடித்து எழும்பி, அவள் கொண்டுவந்து வைத்திருந்த சின்னப் பிறிச்சைச் சத்தமில்லாமல் திறந்து, ஜூஸைக் கிளாஸில் வார்த்துக் குடித்தார். வீடியோவில் பார்க்க யாருமில்லை. அடிமட்டும் குடித்தார். பிறகு திரும்பி வந்து, சோபா அசையாதபடி மெல்ல அமர்ந்து, கோடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.